தீர்ப்புக்கு முன்பே முடியும் வழக்கு: பெற்றோர் பிரிவும் குழந்தையின் பொறுப்பும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவியவர்கள் பேச்சாளருக்கு வைத்திருக்கும் நிபந்தனை ஒன்றுதான்: சட்டத்தைத் தமிழில் பேச வேண்டும், சட்டம் படிக்காதவருக்கும் விளங்க வேண்டும். அதற்கு ஏற்ற பொருளாகவே ஒன்றை எடுத்துக்கொண்டேன். கணவனும் மனைவியும் பிரிந்த பிறகு குழந்தை யாரிடம் இருப்பது, அதன் செலவை யார் ஏற்பது என்பது நம் நாட்டில் எப்படி முடிவாகிறது? எப்படி முடிவாக வேண்டும் என்று சட்டப் புத்தகங்கள் நிறையவே சொல்கின்றன. நடைமுறையில் அது எந்தக் கட்டத்தில், யார் கையால் முடிவாகிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தை வழக்குகளில் இறுதித் தீர்ப்பு என்று நாம் படிப்பது, பெரும்பாலும், அதற்கு வெகுகாலம் முன்பே நடந்து முடிந்துவிட்ட ஒன்றுக்குக் கோர்ட்டு தரும் ஒப்புதல். பிரிந்த முதல் சில மாதங்களில் குழந்தை யார் வீட்டில் தூங்கியது, எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது, மாதம் பிறந்தால் பணம் வந்ததா இல்லையா என்பவையே வழக்கை முடித்துவிடுகின்றன. ஆகவே சீர்திருத்தம் கேட்பவர்கள் அந்த முதல் மாதங்களைத்தான் குறிவைக்க வேண்டும்.

1. புத்தகத்தில் இருப்பது

இதை வேகமாகச் சொல்லிக் கடக்கிறேன், மாணவர்களுக்குத் தெரிந்ததுதான். அடிப்படைச் சட்டம் இன்னும் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டம். கோர்ட்டு வட்டாரத்தில் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று சொல்லும் மனுக்கள் இதன்கீழ் வருபவை. எல்லா மதத்தாரும் இதன்கீழ் மனுப் போடலாம். இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் இளவர் காப்பாளர் சட்டமும் உண்டு. அதன் 6-ஆம் பிரிவு இயற்கைக் காப்பாளராகத் தந்தையை முதலிலும் தாயை அடுத்தும் வைத்தது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்றும் சொன்னது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் ரிசர்வ் வங்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் அந்த வரிசையைத் தளர்த்தியது. தந்தை உயிரோடு இருந்தாலும், குழந்தையின் பொறுப்பில் அவர் இல்லாத நிலையில் தாய் இயற்கைக் காப்பாளராக இயங்கலாம் என்று தீர்த்தது. முஸ்லிம்களில் ஹனஃபி முறைப்படி மகன் ஏழு வயது வரையும் மகள் பருவமடையும் வரையும் தாயின் வளர்ப்பில் இருப்பார்கள். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம் உண்டு.

இத்தனைக்கும் மேலே நிற்கும் ஒரே விதி, குழந்தையின் நலனே முதன்மை என்பது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில், குழந்தை பெற்றோரின் உடைமையும் இல்லை, விளையாட்டுப் பொருளும் இல்லை என்ற கருத்தை 1973-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பிறகு வந்த குழந்தை வழக்குத் தீர்ப்புகளில் அதை எடுத்தாளாதவை குறைவு.

நலன் என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அதை ஒரு நீதிபதி எதை வைத்து அளப்பது? எதிரே இரண்டு பிரமாணப் பத்திரங்கள். ஒன்றில் தந்தை குடிகாரர். மற்றொன்றில் தாய் எந்நேரமும் செல்போனில் இருப்பவர். எதை நம்புவது? இந்த நிலையில் கைக்கு எட்டும் உறுதியான சான்று ஒன்றுதான்: குழந்தை இப்போது எங்கே இருக்கிறது, அங்கே சுகமாக இருக்கிறதா? சுகமாக இருந்தால் அதைப் பிடுங்கி வேறு இடத்தில் நட எந்த நீதிபதிக்கும் மனம் வராது. அது தவறு என்றும் சொல்ல முடியாது. இந்த நியாயமான தயக்கத்திலிருந்துதான் சிக்கலே தொடங்குகிறது.

2. கட்டு சொல்லும் கதை

ஒரு வழக்குக் கட்டைத் திறந்து பார்ப்போம். இது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கட்டு என்று எண்ணிவிடாதீர்கள். பல கட்டுகளில் திரும்பத் திரும்பக் கண்டதை ஒன்றாக்கிச் சொல்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கராக இருப்பவர், அவர் மனைவி, மூன்றரை வயது மகள். ஏப்ரலில் சண்டை முற்றுகிறது. மனைவி மகளோடு தென்காசிக்கு அம்மா வீட்டுக்குப் போகிறார். இல்லாவிட்டால், மனைவியை மட்டும் பஸ் ஏற்றிவிட்டு மகளைத் தன் அம்மாவின் பொறுப்பில் அந்தக் கணவர் வைத்துக்கொள்கிறார். இரண்டும் நடக்கின்றன. எது நடந்தாலும் ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

பள்ளியைக் கவனியுங்கள். இந்தக் குழந்தை எல்.கே.ஜி.யில்தான் சேரப்போகிறது; அதற்குப் பழைய சான்று எதுவும் வேண்டாம். பெரிய குழந்தையாக இருந்தாலும் பெரிய தடை இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. குழந்தைக்கு அது நல்ல விதி. மாணவர் அடையாளமான எமிஸ் எண்ணும் குழந்தையோடு ஊர் மாறிப் போய்விடும். சேர்க்கைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட ஒரு பெற்றோர் போதும். மற்றவர் சம்மதித்தாரா என்று தலைமை ஆசிரியர் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. இரண்டு ஆண்டு கழித்து அந்தச் சேர்க்கைச் சீட்டும் மதிப்பெண் அட்டையும் சான்றாவணங்களாகக் குறியிடப்படும்போது, நீதிபதி முன் இருப்பது நன்றாகப் படிக்கும் ஒரு பெண் குழந்தை.

இனிக் கட்டின் நாட்குறிப்பு. மனுத் தாக்கல், எண்ணிடப்பட்டது. சம்மன் திரும்பவில்லை, மறு சம்மன். எதிர்மனுதாரர் ஆஜர், வக்காலத்துத் தாக்கல், கவுண்டருக்கு (எதிருரைக்கு). கவுண்டர் இல்லை, நேரம் கேட்கப்பட்டது. கவுன்சிலிங்குக்கு அனுப்பப்பட்டது. ஒரு தரப்பு வரவில்லை. மீண்டும் கவுன்சிலிங். பி.ஓ. (நீதிபதி) விடுப்பு. கோடை விடுமுறை. இதற்கு நடுவே இடைக்காலமாகக் குழந்தையைப் பார்க்க அனுமதி கேட்கும் துணை மனு (ஐ.ஏ.) ஒன்று, அதற்கும் கவுண்டர், அதற்கும் வாய்தா. ஊர்கள் வேறு என்பதால் வழக்கை மாற்றக் கோரி உயர் நீதிமன்றத்தில் ஒரு மனு. அது முடியும் வரை கீழே எதுவும் நகராது. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, குழந்தை சாதாரணமாக வசிக்கும் ஊரின் கோர்ட்டுக்கே அதிகாரம். ஆக, குழந்தையை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்பது எந்தக் கோர்ட்டு விசாரிக்கும் என்பதையும் நாளடைவில் தீர்மானித்துவிடுகிறது.

இதில் யாரையும் குறிவைத்துக் குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை. சமரசத்துக்கு முயல வேண்டும் என்பது 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு விதித்த கடமை. எந்த வாய்தாவை எடுத்துப் பார்த்தாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். ஆனால் நாற்பது வயதுக்காரருக்கு இரண்டு ஆண்டு என்பது வேறு, மூன்றரை வயதுக்காரிக்கு இரண்டு ஆண்டு என்பது வேறு. அவள் வாழ்ந்த காலத்தில் பாதிக்கு மேல் அது. ஐந்து வயதுக்குக் கீழ் தாயிடம் என்ற விதியை நம்பி வழக்குத் தொடுத்த தாய், வாதம் முடியும்போது மகளின் ஐந்தாம் பிறந்தநாளைக் கடந்திருப்பார். தீர்ப்பு வருவதற்குள் விதி தன்னாலேயே காலாவதியாகிவிடுகிறது.

3. அறையில் வைத்துக் கேட்கும் கேள்வி

1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, விவரமறிந்த வயதுள்ள குழந்தையின் விருப்பத்தையும் கோர்ட்டு கருதலாம் என்கிறது. நல்ல நீதிபதிகள் குழந்தையைத் தம் அறைக்குள் அழைத்து, பெற்றோரை வெளியே நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடம், நண்பர்கள், பிடித்த சாப்பாடு என்று பேச்சுக் கொடுத்து மெல்ல விஷயத்துக்கு வருவார்கள். பாராட்ட வேண்டிய முறை. ஆனால் இரண்டு ஆண்டாக ஒரே வீட்டில் வளர்ந்த குழந்தையிடம் கேட்கும்போது நமக்குக் கிடைப்பது அந்த வீட்டின் குரல்தான். "அப்பா ஃபீஸ் கட்டல" என்று ஆறு வயதுப் பிள்ளை சொன்னால், அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கப் பெரிய உளவியல் வேண்டியதில்லை.

உச்ச நீதிமன்றம் இதை அறியாமல் இல்லை. 2017-இல் தீர்ந்த ஒரு வழக்கில், பெற்றோர் பிரிந்தபோது இரண்டு வயது நிரம்பாத மகள் தந்தையிடமே வளர்ந்து எட்டு வயதைத் தொட்டிருந்தாள். தந்தையிடமே இருக்க விரும்புவதாகவும் சொன்னாள். தாயோடு வாழ்ந்து பார்க்கும் வாய்ப்பே அவளுக்குக் கிடைக்கவில்லை என்பதை எடுத்துக்காட்டி, அந்த விருப்பத்தைத் தாண்டிக் குழந்தையைத் தாயிடம் ஒப்படைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. துணிச்சலான தீர்ப்புத்தான். ஆனாலும் ஆறு ஆண்டு போன பிறகு ஒரு குழந்தையை வீடு மாற்றும் இக்கட்டுக்கு நீதிமன்றம் ஏன் தள்ளப்பட வேண்டும்? அந்தத் துணிச்சலில் நாலில் ஒரு பங்கை முதல் விசாரணை நாளில் காட்டியிருந்தால் போதுமே.

4. முதல் உத்தரவு எப்படி இருக்க வேண்டும்

2001-இல் திருமணச் சட்டங்களைத் திருத்தியபோது, இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் ஒரு கால வரம்பு சேர்க்கப்பட்டது. வழக்கு நடக்கும்போது குழந்தையின் பராமரிப்பு, கல்வி இவற்றுக்காகப் போடும் மனுவை, நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடுமானவரை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும். நல்லது. அதே பிரிவுதான் குழந்தை யாரிடம் இருப்பது என்பதையும் பேசுகிறது. அதற்கு மட்டும் நாள் குறிக்கவில்லை. பணத்துக்குக் கெடு உண்டு, குழந்தைக்குக் கெடு இல்லை. இந்த இடைவெளியில்தான் வழக்கு முடிந்துபோகிறது.

நான் கேட்பது இதுதான். எதிர்த்தரப்பு ஆஜரான முதல் நாளிலேயே, குற்றச்சாட்டுகளுக்குள் போகாமல், ஒரு தற்காலிகக் கால அட்டவணை. எந்த நாள்கள் யாரோடு, எங்கே கைமாற்றுவது, பார்க்க முடியாத வாரம் வீடியோ அழைப்பு எத்தனை மணிக்கு. கோர்ட்டு அனுமதியின்றி ஊரும் பள்ளியும் மாறக் கூடாது என்று ஒரு வரி. இந்த இடைக்காலத்தில் குழந்தை எங்கே இருந்தது என்பதை இறுதி விசாரணையில் எவரும் தமக்குச் சாதகமாகக் காட்டக் கூடாது என்று இன்னொரு வரி. புதுச் சட்டம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இடைக்கால அதிகாரம் ஏற்கெனவே இருக்கிறது.

இதற்கு வரும் எதிர்ப்புகளில் ஒன்று கனமானது. அதனால் அதில் சற்று நிற்க வேண்டும். அடி தாங்காமல் இரவோடு இரவாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் பெண்ணை, 'நீ ஊர் மாறியது தவறு' என்று இந்த அட்டவணை தண்டிக்காதா? தண்டிக்கக் கூடாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005, தன் 21-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டுக்கே தற்காலிகப் பொறுப்பு உத்தரவு போடும் அதிகாரம் தந்திருக்கிறது. எதிர்த்தரப்பு பார்க்க வருவது குழந்தைக்குக் கேடு என்று தோன்றினால் அதை மறுக்கவும் சொல்கிறது. ஆக நான் சொல்லும் முதல் உத்தரவின் முதல் கேள்வியே வன்முறை பற்றியதாக இருக்க வேண்டும். இருக்கிறது என்றால் அட்டவணை வேறு மாதிரி: கோர்ட்டு வளாகத்தில், மூன்றாமவர் கண்காணிப்பில், இல்லையேல் சந்திப்பே இல்லை. ஆனால் அதையும் முதல் மாதத்தில் கேட்டால்தான் உண்மை தெரியும். காயம் ஆறி, அக்கம்பக்கத்தார் வீடு மாற்றிப் போன பிறகு, இரண்டாம் ஆண்டின் குறுக்கு விசாரணையில் அடிபட்ட பெண்ணுக்கும் நியாயம் கிடைப்பதில்லை. தாமதத்தால் ஆதாயம் அடைபவர் எப்போதும் பலமுள்ளவர்தான்.

நாடு தாண்டிக் குழந்தையைக் கொண்டுசெல்வது பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தம் காலத்தின் வலிமையை நன்றாகப் புரிந்துகொண்ட ஆவணம். முறைகேடாகக் கொண்டுசென்று ஓராண்டுக்குள் மனுப் போட்டால் குழந்தையைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது பொது விதி. ஓராண்டு தாண்டி, குழந்தை புது இடத்தில் வேரூன்றிவிட்டால் மறுக்கலாம். ஆறு வாரத்தில் முடிவு வராவிட்டால் காரணம் கேட்கலாம். இலங்கை இதில் 2001-இல் சேர்ந்தது. இந்தியா இன்னும் சேரவில்லை. வெளிநாட்டில் வன்முறைக்கு ஆளாகித் தாய்வீடு திரும்பும் பெண்களை இது சிக்கவைக்கும் என்ற கவலை அதற்கு ஒரு காரணம். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. வெளிநாட்டுக் கோர்ட்டின் உத்தரவு இங்கே கருத வேண்டிய பல காரணிகளில் ஒன்று மட்டுமே என்று நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தத்தில் சேராவிட்டாலும் அந்த ஆறு வாரத்தையாவது கடன் வாங்கியிருக்கலாம்.

நீதியரசர் ஏ.பி.ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015-இல் தந்த 257-ஆவது அறிக்கை, இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு என்பதைச் சட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. கொள்கையளவில் எனக்கு உடன்பாடு. நடைமுறையில், வாரத்தில் பாதி இங்கே பாதி அங்கே என்பது இரண்டு வீடும் ஒரே பள்ளி வேன் போகும் தூரத்தில் இருந்தால்தான் நடக்கும். தாம்பரத்தில் ஒருவர், திருவொற்றியூரில் ஒருவர் என்றால் கூட்டுப் பொறுப்பின் பெரும்பகுதி மின்சார ரயிலில் கழியும்.

5. பணம்

இங்கேயும் இதே கதைதான், வேறு உருவத்தில். மனைவி, குழந்தைகளின் பராமரிப்புக்கான பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல், அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகியிருக்கிறது. கோர்ட்டில் இன்னும் 'ஒன் ட்வென்ட்டிஃபைவ்' என்றுதான் சொல்கிறார்கள். ஒருகாலத்தில் இதன்கீழ் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கேட்க முடியாது. 2001-இல்தான் அந்த உச்சவரம்பு நீங்கியது.

பிரிட்டனில் பணம் கட்டும் பெற்றோரின் வாரச் சம்பளத்தில் ஒரு குழந்தைக்கு 12 சதவீதம், இரண்டுக்கு 16, மூன்றுக்கும் அதற்கு மேலும் 19 என்று அடிப்படை விகிதம் இருக்கிறது. நம்மிடம் சூத்திரம் இல்லை, நீதிபதியின் மதிப்பீடுதான். சூத்திரம் வேண்டும் என்று கேட்பவர்களிடம் ஒன்று சொல்வேன். அங்கே குழந்தை கட்டுபவரின் வீட்டில் ஆண்டுக்கு 52 இரவு தங்கினால் தொகையில் ஏழில் ஒரு பங்கு குறையும். இரவுக்கு விலை வந்துவிட்டால் இரவுக்காகச் சண்டையும் வரும். நம் ஊருக்கு அது வேண்டாம்.

நமக்கு வேண்டியது 2020 நவம்பரில் ரஜனேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறையை ஒழுங்காகப் பின்பற்றுவது. இரு தரப்பும் வருமானம், வங்கிக் கணக்கு, சொத்து, கடன் எல்லாவற்றையும் ஒரே படிவத்தில் பிரமாணமாகத் தர வேண்டும்; தொகை மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்காக வேண்டும். இரண்டாவது விதி என் வாதத்துக்கு நேரடித் துணை. வாய்தாவால் கட்டுபவருக்கு லாபம் இல்லாமல் அது ஆக்கிவிடுகிறது. முதல் விதி அவ்வளவு சுகமாக நடக்கவில்லை. படிவத்தில் 'தினக்கூலி' என்று எழுதியவரின் முகநூல் பக்கத்தில் புதுக் கார் நிற்கும்.

படிவத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, குழந்தையின் தொகை தனியாக எழுதப்படாதது. 'மனைவிக்கும் குழந்தைக்குமாக மாதம் 15,000' என்று ஒரே வரியில் போகும் உத்தரவுகளை நிறையப் பார்க்கலாம். அதில் பள்ளிக் கட்டணம் எவ்வளவு, வேன் எவ்வளவு, ஜூனில் மொத்தமாக வரும் புத்தகம், சீருடைச் செலவு எங்கே, யாருக்கும் தெரியாது. மனைவியின் உரிமைக்குச் சட்டம் சில விலக்குகள் வைத்திருக்கிறது. தக்க காரணமின்றிப் பிரிந்து வாழ்கிறார் என்று நிரூபித்தால் அவருக்கு மறுக்கலாம். குழந்தைக்கு அப்படி ஒரு விலக்கும் இல்லை. இரண்டையும் ஒரே தொகையாக்கினால் தாய் மீதான வழக்கில் குழந்தையின் சோறும் சேர்ந்து அடிபடுகிறது. பரஸ்பர சம்மத விவாகரத்தில் இது இன்னும் மோசம். 'ஒரே தவணையில் இவ்வளவு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று இருவரும் கையெழுத்திடுகிறார்கள். கையெழுத்திட்டவர்களில் குழந்தை இல்லை. தாய் தன் உரிமையை விட்டுத்தரலாம். குழந்தையின் உரிமையை விட்டுத்தர அவருக்கு அதிகாரம் இல்லை. அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகும் குழந்தையின் சார்பில் மனுப் போடலாம் என்பது பல தாய்மாருக்குத் தெரியாது.

'பார்க்க விடவில்லை, அதனால் கட்டவில்லை' என்பதும், 'கட்டவில்லை, அதனால் காட்டவில்லை' என்பதும் தினம் கேட்கும் வாதங்கள். பணமும் சந்திப்பும் குழந்தைக்குச் சேர வேண்டியவை; ஒன்றை மற்றொன்றுக்கு ஈடாக வைக்க இருவருக்குமே உரிமை இல்லை. கட்டத் தவறினால் ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறைக்குப் போய்வந்தால் கடன் தீராது என்பதும் 1989-லேயே தீர்ந்த சட்டம். ஆனால் நிலுவை சேர்ந்து ஓராண்டுக்குள் வசூல் மனுப் போடாவிட்டால் வாரண்டு கேட்கும் வழி அடைந்துவிடும். மாதாமாதம் கோர்ட்டுக்கு அலைய முடியாமல் விட்டுவிடும் தாய்க்கு இந்தக் கெடு தெரியவரும்போது பெரும்பாலும் அது கடந்திருக்கும்.

6. 18-க்குப் பிறகு

இது கொஞ்சம் தனியாக நிற்கும் விஷயம். ஆனாலும் விட்டுவிட முடியாது. குற்ற நடைமுறைச் சட்டத்தின்கீழ் வரும் பராமரிப்பு, உடலோ மனமோ இயலாத பிள்ளைகளைத் தவிர, 18 வயதோடு நின்றுவிடும். மணமாகாத மகள், தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத வரை, 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் கேட்கலாம். 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மகனுக்கு அந்த வழியும் இல்லை. நம் பிள்ளைகள் 18-ஐத் தொடுவது பிளஸ் டூ முடிக்கும் ஆண்டில் அல்லது கல்லூரி முதலாண்டில். அதாவது செலவு திடீரென ஏறும் அதே மாதத்தில் சட்டம் கை விலக்கிக்கொள்கிறது.

சட்டம் திருந்தும்வரை இங்கே வந்திருக்கும் இளம் வழக்கறிஞர்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. சம்மத மனு எழுதும்போது குழந்தைக்கு என்று தனிப் பத்தி போடுங்கள். மாதத் தொகை, ஆண்டுதோறும் அது எத்தனை சதவீதம் ஏறும், ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் எப்படித் திருத்துவது, முதல் பட்டப்படிப்பு முடியும் வரை கல்லூரிக் கட்டணத்தில் யாருக்கு எத்தனை பங்கு, மருத்துவக் காப்பீடு யார் பெயரில். 18-இல் நிற்காது என்று வெளிப்படையாக எழுதுங்கள். பணம் பள்ளிக்கோ கல்லூரிக்கோ நேரே கட்டப்படும் என்று ஒரு வரி சேர்த்தால், 'அவள் கையில் கொடுக்க மாட்டேன்' என்று முரண்டு பிடிக்கும் தந்தையும் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.